மாட்டிக்கொள்ளும் இடத்தில் எழுந்துபோகிறவன்

1

எங்கள் பள்ளியின் பழைய மாணவர்கள் ஒரு மலர் கொண்டுவருகிறார்கள். போன மாதம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாக்குவாதம் நடந்தது. அமெரிக்கக் காமெடித் தொடர் உசத்தியா, இங்கிலாந்துக் காமெடித் தொடர் உசத்தியா என்பது கேள்வி. பெங்களூரிலும் ஓசூரிலும் வேலை பார்க்கிற என் வகுப்புத் தோழர்கள் எல்லாரும் அமெரிக்கா பக்கம். நான் ஒருவன் மட்டும் இங்கிலாந்து பக்கம் நின்று நாலு வரி எழுதினேன். அதைப் பார்த்துவிட்டு, அதையே கட்டுரையாக எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். கூடவே, என் பெயருக்குக் கீழே போடப்போகிற வரியையும் சரிபார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ‘இங்கிலாந்தில் கணித ஆசிரியராகப் பணிபுரிகிறார்.’

அந்த வரி தவறு. நான் பஸ் ஓட்டுகிறேன்.

தவறு அவர்களுடையது அல்ல. ஒன்பது வருடமாக ஊருக்கு அப்படிச் சொல்லி வைத்திருந்தவன் நான். போன கோடையில் அந்தப் பொய் முடிந்துபோனது. எங்கள் ஊரான இண்டூருக்கும், அக்கா இருக்கும் அதியமான்கோட்டைக்கும் போன செய்தி மலர்க் குழு வரைக்கும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. எனவே கட்டுரையையும் திருத்தத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். என்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே கதைதான்.

2

என் மனைவி ஸ்டெல்லா நர்ஸ். அவளுக்குத்தான் இங்கே வேலை கிடைத்தது. அவளுக்குத் துணையாக விசா வாங்கி நானும், ஐந்து வயதான எங்கள் மகள் நிவேதாவும் வந்தோம். பதினொரு வருடம் ஆகிறது. தர்மபுரியில் ஒரு தனியார் பள்ளியில் நான் ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் கணக்கு எடுத்தவன். கணக்கு எல்லா நாட்டிலும் கணக்குதானே, போனதும் வேலை கிடைத்துவிடும் என்றுதான் கிளம்பினேன்.

கணக்கு ஒன்றுதான். பெயர்தான் வேறாகிவிட்டது. என் சான்றிதழ்களில் ‘எம். அந்தோணிராஜ்’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் வேண்டும் என்று சொல்லி அப்பாவின் பெயரை எழுதியதால், அதில் ‘அந்தோணிராஜ் மரியதாஸ்’. இங்கே எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ‘மிஸ்டர் மரியதாஸ்’ என்று கூப்பிடுவார்கள். முதல் தடவை கூப்பிட்டபோது அப்பா எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். அவர் இறந்து அப்போது ஆறு வருடம். படிப்பைச் சரிபார்க்கிற அலுவலகத்திலிருந்து, இந்த இரண்டு பேரும் ஒருவரே என்பதற்கு ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்தது. தர்மபுரியில் ஒரு நோட்டரி வக்கீலிடம் நானும் நானும் ஒருவரே என்று எழுதி வாங்கி அனுப்பினேன். அது தமிழில் இருந்ததால், அதிகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் முத்திரை வேண்டும் என்று திரும்பி வந்தது. அதையும் வாங்கி அனுப்பினேன். இப்படியே ஒரு வருடம் போனது.

அந்த வருடத்தில் நான் பார்த்ததெல்லாம் அமெரிக்கத் தொடர்கள்தான். என் தோழர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. அவை நன்றாகத்தான் இருக்கும். அகலமான வீடு, பெரிய சோபா, ஐந்தாறு அழகான பேர். ஒருவர் கிண்டல் செய்தால் அடுத்தவர் அதைவிட நன்றாகத் திருப்பிச் சொல்வார். யாருக்காவது வேலை போனால் நாலு வாரத்தில் முன்னதைவிட நல்ல வேலை கிடைக்கும். ஒருவர் பொய் சொல்லிவிட்டால், இருபது நிமிடம் ஆனதும் பின்னணியில் மெல்ல ஒரு இசை ஆரம்பிக்கும். அவர் மன்னிப்புக் கேட்பார், மற்றவர் கட்டிப்பிடித்துக்கொள்வார், முடிந்தது. ஊரை விட்டு வந்து, இன்றைக்கோ நாளைக்கோ மேலே ஏறிவிடுவோம் என்று காத்திருக்கிற மனிதனுக்கு அதைவிடத் தெம்பு தருவது வேறில்லை.

3

ஒரு பள்ளியில் வகுப்பு உதவியாளர் வேலை கிடைத்தது. பாடம் எடுக்கும் வேலை இல்லை. எடுப்பவர் பக்கத்தில் நின்று, பின்தங்கிய பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லும் வேலை. விடுப்பில் போன ஒருவருக்குப் பதிலாக மூன்றே வாரம். முதல் நாள் சாயங்காலமே அக்காவுக்குப் போன் செய்து, “ஸ்கூல்ல சேந்துட்டேன்கா” என்றேன். அப்போது அது பொய் இல்லை.

லூர்து அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஏழு வயது மூத்தவர். அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரமாக அக்காவும் மாமாவும் டிபன் கடை வைத்திருக்கிறார்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அக்கா தக்காளித் தோட்டத்துக்கும் செங்கல் சூளைக்கும் வேலைக்குப் போனார். அந்தக் கூலி என் படிப்புக்கும் வந்தது. இதை வைத்து யாராவது அவரைத் தியாகி என்று பேசினால், “எனக்குப் படிப்பு ஏறலீங்க, அதான் நின்னேன்” என்று அக்காவே வெட்டிவிடுவார்.

அக்கா போட்டோ கேட்டார். நிவேதாவின் பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது, காலியாக இருந்த வகுப்பறையில் வெள்ளைப் பலகைக்கு முன்னால் என்னை நிற்கவைத்து ஸ்டெல்லா ஒரு படம் எடுத்தாள். அதை அனுப்பினேன். அடுத்த வாரம் அக்கா அதை லேமினேட் செய்து கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருப்பதாக மாமா சொன்னார். லாரி டிரைவர்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டே யார் இது என்று கேட்பார்களாம். “என் தம்பிங்க. லண்டன்ல வாத்தியார்” என்பாராம். நாங்கள் இருக்கும் ஊர் லண்டனிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். அதையும் நான் திருத்தவில்லை.

மூன்று வாரம் முடிந்தது. தலைமை ஆசிரியை கைகுலுக்கி, என் விவரங்களைக் கோப்பில் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னார். அவர் அந்தக் கோப்பைத் திறப்பார் என்று நாலு மாதம் காத்திருந்தேன். இந்த ஊரில் அது போய்வாருங்கள் என்பதற்கு மரியாதையான வார்த்தை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அதன் பிறகு பஸ் கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். பயிற்சி அவர்களே கொடுத்தார்கள். ஊரில் டிராக்டர் ஓட்டிய கை. ஓட்டுநர் தேர்வில் இரண்டாவது தடவை தேறினேன். சம்பளம் சரியாக வந்தது. வேலையும் எனக்குப் பிடித்திருந்தது. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், வேலை ஒரு நாளும் பிடிக்காமல் போனதில்லை. ஊருக்குச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

4

காலை டூட்டி பார்த்தால் ஒரு மணிக்கு வீடு வந்துவிடலாம். ஸ்டெல்லா ஆஸ்பத்திரியில், நிவி பள்ளியில். அந்த நேரத்தில் ஒரு சேனலில் பழைய இங்கிலாந்துக் காமெடித் தொடர்களைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். சாப்பிட்டுக்கொண்டே பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. வீடு சின்னது, கம்பளம் அசிங்கமானது, வெளியே மழை. யாரும் அழகில்லை. கதாநாயகர் ஒரு கடையிலோ நகராட்சி அலுவலகத்திலோ இரண்டாம் நிலை ஆள். தன்னை முதல் ஆள் என்று நினைத்துக்கொண்டிருப்பார். பதவி உயர்வு வரும் வரும் என்பார், வராது. ஆறு வாரத்தில் தொடர் முடிந்துபோகும். ஆறாவது வாரமும் அவர் அதே கடையில், அதே நாற்காலியில்தான் இருப்பார். யாரும் திருந்த மாட்டார்கள். யாரும் கட்டிப்பிடிக்க மாட்டார்கள். ரொம்ப மனம் நெகிழ்ந்துபோனால் ஒருவர் இன்னொருவருக்கு ஒரு கப் டீ போட்டுக் கொடுப்பார்.

எங்கள் பக்கம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வருவான். ராஜாவைக் கிண்டல் செய்வதே அவன் வேலை. இந்தத் தொடர்களில் வருகிற ஆள், தன்னையே ராஜா என்று நம்பிக்கொண்ட கட்டியங்காரன். அப்படி யோசித்த பிறகுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. பந்தா காட்டுகிறவனைப் பார்த்துச் சிரிக்க நம் ஊர்க்காரனுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

இந்த ஊர்க்காரர்கள் பேசுகிற விதமும் அந்தத் தொடர்களிலிருந்துதான் எனக்குப் புரிந்தது. டிப்போவில் கெவின் என்று ஒரு மூத்த டிரைவர். ‘ஒருநாள் குடும்பத்தோடு டீக்கு வாருங்கள்’ என்று இரண்டு தடவை சொன்னார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மைசூர்பாகு டப்பாவோடு மூன்று பேரும் போய்க் கதவைத் தட்டினோம். பனியனோடு கதவைத் திறந்தவர் ரொம்ப நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். அவரும் மனைவியும் சமையலறைக்குள் மெல்லிய குரலில் பேசுவது கேட்டது. அப்புறம் டின்னில் அடைத்த அவரைக்கொட்டைக் குழம்பை ரொட்டி மேல் ஊற்றிக் கொடுத்தார்கள். இந்த ஊர் வழக்கில் டீ என்றால் சாயங்காலச் சாப்பாடு. ‘ஒருநாள்’ என்றால் எந்த நாளும் இல்லை. ஒரு மாதம் கழித்து அதே மாதிரி காட்சி ஒரு தொடரில் வந்தது. எதிர்பாராமல் வந்து நின்ற விருந்தாளிகளின் முகத்தில் நான் எங்களைப் பார்த்தேன். தனியாக உட்கார்ந்து கண்ணில் நீர் வரும் வரை சிரித்தேன்.

ஒரு இடத்தில் மட்டும் என்னால் சிரிக்க முடியாது. அந்த ஆள் பொய் சொல்லியிருப்பார். இல்லாத பதவியைச் சொல்லியிருப்பார். யாரிடம் சொன்னாரோ அவர்கள் நேரிலேயே வந்து நிற்பார்கள். அமெரிக்கத் தொடராக இருந்தால் அந்த இடத்தில் இசை வந்து காப்பாற்றிவிடும். இங்கே காப்பாற்ற யாரும் வர மாட்டார்கள். அந்த ஆள் மாட்டிக்கொள்வதை நிதானமாக, ஒவ்வொரு அங்குலமாகக் காட்டுவார்கள். அந்த இடம் வந்தால் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். தண்ணீர் குடிப்பேன், பாத்திரத்தை எடுத்து வைப்பேன். சிரிப்புச் சத்தம் அடங்கிய பிறகு திரும்பி வருவேன்.

5

போன வருடம் அக்கா வருகிறேன் என்றார். இத்தனை வருடமாக நான்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடையை விட்டு வர முடியாது என்று அவரும் சொல்லிக்கொண்டிருந்தார். மாமாவின் தங்கை வந்து ஒரு மாதம் கடையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதும் கிளம்பிவிட்டார்.

விசாவுக்கு அழைப்புக் கடிதம் எழுத வேண்டும். அழைப்பவரின் தொழில் என்ன என்று ஒரு கட்டம். சர்க்காரிடம் பொய் எழுத முடியாது. பஸ் டிரைவர் என்று எழுதி அனுப்பினேன். அந்தக் கடிதத்தை அக்கா தன் கைப்பையில் வைத்துக்கொண்டு சென்னைக்குப் போய், கைரேகை கொடுத்து, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் இருந்ததால் படிக்கவில்லை. விண்ணப்பம் பூர்த்தி செய்துகொடுத்த ஆளும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆகஸ்டில் வரச் சொன்னேன். பள்ளி விடுமுறை. ‘உன் ஸ்கூலைக் காட்டு’ என்று கேட்க முடியாது. ஆனால் பஸ்ஸுக்கு விடுமுறை இல்லையே. கோடைச் சிறப்பு வகுப்பு எடுப்பதாகச் சொல்லிவிட்டு, யூனிஃபார்மைப் பையில் வைத்துக்கொண்டு போய் டிப்போவில் மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு. ஸ்டெல்லா இதற்கு ஒப்புக்கொள்ளவில்லை, எதிர்க்கவும் இல்லை. “உங்க அக்கா, நீங்களாச்சு” என்று சொல்லிவிட்டாள். நிவிதான் விடவில்லை. அப்போது பதினைந்து வயது. இந்த மண்ணில் வளர்ந்தவள், ஆனால் பார்ப்பதெல்லாம் அமெரிக்கத் தொடர், போனில். நான் பார்ப்பதைக் கிழவர்கள் பார்ப்பது என்பாள்.

“அப்பா, இது அப்படியே ஒரு எபிசோடு மாதிரி இருக்கு. அத்தைகிட்ட சொல்லிடுங்க. அழுவாங்க, நீங்க சாரி சொல்வீங்க, ஒரு ஹக். முடிஞ்சுடும்.”

“நம்ம வூட்டுல யாரும் ஹக் பண்ணிக்க மாட்டாங்க பாப்பா.”

“ஏன்?”

எங்கள் அப்பா சாகும் முந்தின நாள்கூட என் தோளைத்தான் தட்டினார்.

அக்கா வந்தார். இரண்டே நாளில் வீடு அவர் கைக்கு வந்துவிட்டது. மூன்றாவது நாள் மதியம் என்னோடு உட்கார்ந்து டிவி பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. முதலில் நிவி ஒரு அமெரிக்கத் தொடரைப் போட்டுக் காட்டினாள். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு அக்கா, “எல்லாரும் நல்லா இருக்காங்க. கல்யாண வூட்டு வீடியோ மாதிரி இருக்குது” என்றார். நிவிக்குக் கோபம். நான் என் சேனலுக்கு மாற்றினேன்.

அது ஒரு கார்ப்பெட் கடையில் வேலை பார்க்கிற ஆளின் கதை. மனைவியின் உறவுக்காரர்களிடம் தானே அந்தக் கடைக்கு முதலாளி என்று சொல்லி வைத்திருப்பார். அக்கா கொஞ்ச நேரம் கூர்ந்து பார்த்தார்.

“இந்த ஆளு பொய் சொல்றான்டா.”

“உனக்கு எப்பிடிக்கா தெரியுது?”

“கழுத்தப் பாரு, செவந்துபோச்சு. கடையில காசு குடுக்காம நழுவறவனுங்க இப்பிடித்தான் நிப்பானுங்க.” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உறவுக்காரர்கள் கடைக்குள் நுழைந்தார்கள். நான் எழுந்தேன்.

“எங்கடா போற? இப்பத்தான் மாட்டப்போறான்.”

“அடுப்புல பால் வெச்சிருக்கேன்கா” என்றேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

6

அக்கா வந்து பன்னிரண்டாவது நாள், சனிக்கிழமை. நான் ஓட்டும் வழித்தடம் எங்கள் வீட்டுப் பக்கம் வராது. அதை நம்பித்தான் இருந்தேன். அன்று காலை வேறு தடத்து டிரைவருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி, பதினொரு மணிக்கு மேல் அவருடைய பஸ்ஸை எடுக்கச் சொன்னார்கள். அது எங்கள் தெரு முனையில் நிற்கும் பஸ். நிவிக்குச் செய்தி அனுப்பினேன். அவள் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, அத்தையைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறாள்.

மழை பெய்துகொண்டிருந்தது. தெரு முனை நிறுத்தத்தில் ஐந்தாறு பேர் நின்றார்கள். பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே, சேலைக்கு மேல் ஸ்டெல்லாவின் நீல மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு அக்கா நிற்பதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். நிறுத்தாமல் போக முடியாது. நிறுத்தினேன். கதவு திறந்தது. முன்னால் நின்ற நாலு பேர் ஏறினார்கள். அடுத்தது அக்கா. படியில் கால் வைத்து, கம்பியைப் பிடித்து, நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

யூனிஃபார்ம், டை, மார்பில் பெயர் அட்டை. அட்டையில் அந்தோணியைச் சுருக்கி ‘டோனி’ என்று இருக்கும்.

ஒன்பது வருடப் பழக்கம் பேசியது. “எங்கே போக வேண்டும்?” என்று அக்காவிடம் ஆங்கிலத்தில் கேட்டேன்.

பின்னால் நின்ற நிவி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். ஸ்டீயரிங்கைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்:

“டவுனுக்குங்க. ரெண்டு பேருங்க.”

பிறந்ததிலிருந்து என்னை வாடா போடா என்று கூப்பிட்டவர். அந்த ‘ங்க’ ஏன் வந்தது என்று இன்றுவரை அவரிடம் நான் கேட்டதில்லை. டிரைவர் யாராயிருந்தாலும் அக்கா அப்படித்தான் பேசுவார் என்று நினைத்துக்கொள்கிறேன். நிவி கார்டைத் தட்டி டிக்கெட் எடுத்தாள். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். சந்தை வரைக்கும் பதினெட்டு நிமிடம் ஓட்டினேன். கண்ணாடியில் அக்காவின் நீலக் கோட்டு தெரிந்தது. ஜன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சந்தை வந்ததும் நடுக் கதவு வழியாக இறங்கிப் போனார்கள்.

வீட்டுக்குப் போனேன். அக்கா கத்தரிக்காய் பொரியல் செய்திருந்தார். “சாப்புடு” என்றார். சாப்பிட்டேன். அதற்கு மேல் அன்று ஒன்றும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய்வந்தோம். அன்றும் பேசவில்லை. திங்கள் மதியம் டிவியைப் போட்டேன். அக்கா எழுந்து துணி மடிக்கப் போய்விட்டார்.

“ரெண்டு பேரும் ஏதாவது பேசுங்களேன்” என்றாள் நிவி, என்னைத் தனியாகப் பிடித்து.

7

செவ்வாய் சாயங்காலம் அக்காவே கேட்டார். “நாளைக்கி எத்தன மணிக்கு உன் பஸ்ஸு?”

புதன்கிழமை என்னோடு வந்தார். நடு ஊரில் ஏறி, எனக்குப் பக்கவாட்டில் முதல் இருக்கையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கடைசி நிறுத்தத்தில் ஒன்பது நிமிடம் பஸ் நிற்கும். எல்லாரும் இறங்கியதும் நான் இருக்கையிலிருந்து எழுந்து வந்து அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

“கண்டக்டர் எங்க?”

“இங்க கண்டக்டர் கெடையாதுக்கா. எல்லாம் நான்தான்.”

“எப்பருந்து ஓட்டற?”

“ஒம்பது வருசமா.”

“அப்ப ஸ்கூலு?”

“மூணே வாரம். அதும் வாத்தியார் வேல இல்ல. கூட நிக்கற வேல.”

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நான் பார்க்கவில்லை என்று நினைத்து முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

“ஏன்டா எங்கிட்டச் சொல்லல?”

“நீ போட்டோவக் கடையில மாட்டிட்ட.”

“ஒரு ஆணிதான்டா. கழட்டியிருக்க மாட்டனா?”

அக்காவே தொடர்ந்தார். குரல் உயரவில்லை.

“நான் இட்லி சுட்டு விக்கறேன். லாரிக்காரன் எச்சத் தட்ட எடுக்கறேன். அத நான் யாருகிட்டயாவது மறச்சனா? உன் மாமியார் வூட்டுல கேட்டப்பக்கூட மறைக்கல. பஸ் ஓட்டறத நீ மறச்சன்னா, நான் செய்யறத என்னான்னு நெனச்சிருக்கற?”

ஒன்பது வருடத்தில் எத்தனையோ விதமாக இந்தக் காட்சியை நான் மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அக்கா அழுவார், திட்டுவார், ஊருக்குக் கிளம்புகிறேன் என்பார். இந்தக் கேள்வி அவற்றில் எதிலும் வரவில்லை. பெருமைக்கு ஆசைப்பட்டு அவரை ஏமாற்றினேன் என்றுதான் எண்ணியிருந்தேன். அவருடைய உழைப்பையும் சேர்த்துக் கேவலமாக நினைத்திருக்கிறேன் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

“தப்புதான்கா” என்றேன். என் கழுத்து எரிந்தது.

“ம்” என்றார்.

நேரமாகிவிட்டது. எழுந்து போய் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தேன். பஸ் கிளம்பியது. இங்கே பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் டிரைவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள். பள்ளிப் பிள்ளைகள், கைத்தடிக் கிழவர்கள், குடிகாரர்கள்கூடச் சொல்வார்கள். நாலைந்து நிறுத்தம் அக்கா அதைக் கவனித்துக்கொண்டே வந்தார். பிறகு முன்னால் சாய்ந்து கேட்டார்.

“எல்லாரும் உங்கிட்ட என்னா சொல்லிட்டு எறங்கறாங்க?”

“தேங்க்ஸ் சொல்றாங்க.”

“அது தெரியுது. அதுக்கப்பறம் ஒண்ணு சொல்றாங்களே, டக்குன்னு.”

“டக்னா வாத்துக்கா. இந்த ஊருல பிரியமாக் கூப்புடறதுக்கு அப்பிடிச் சொல்லுவாங்க. கண்ணு, ராசா மாதிரி.”

“உன்ன வாத்துங்கறாங்களா?”

“எல்லாரையும்தான்.”

அக்கா யோசித்தார். சிவப்பு விளக்கில் பஸ் நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறார் என்று பதறித் திரும்பினேன். முந்தானை வாயில் இருந்தது.

“அப்ப நீ பொய் ஒண்ணும் சொல்லல” என்றார். “வாத்துன்னு சொல்ல வந்து வாத்தியாருன்னு சொல்லிட்ட. வாய் தவறிப் போச்சு.”

நானும் சிரித்தேன். விளக்கு பச்சையானது எனக்குத் தெரியவில்லை. பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது.

8

நிவி இதை எல்லாம் கேட்டுவிட்டுக் கொஞ்சம் ஏமாந்துபோனாள். “அவ்வளவுதானா?” என்றாள். அவள் எதிர்பார்த்த இசையும் வரவில்லை, கட்டிப்பிடித்தலும் நடக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று அக்கா இன்றுவரை சொன்னதும் இல்லை. மறுநாள் காலை டூட்டிக்குக் கிளம்பும்போது என் யூனிஃபார்ம் சட்டை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டியிருந்தது. வீட்டிலேயே அதைப் போட்டுக்கொண்டு, வாசல் வழியாக நடந்து போனேன்.

தோழர்களுக்கு என் பதில் இதுதான். அமெரிக்கத் தொடர், மனிதன் இனி எப்படி ஆகலாம் என்று காட்டுகிறது. அது தேவைப்படுகிற காலம் ஒன்று உண்டு, எனக்கும் இருந்தது. இங்கிலாந்துத் தொடர், ஆகாமல் போனவனும் நாளைக்குக் காலையில் எழுந்து வேலைக்குப் போகத்தான் வேண்டும் என்று காட்டுகிறது. அவனைப் பார்த்துச் சிரிக்கலாம், ஆனால் அவனை விட்டுவிட முடியாது. நாற்பது வயதுக்கு மேல் எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது. உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

அக்கா ஊருக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் மாமாவுக்கு வீடியோ போன் போட்டார். கடையில் மதியக் கூட்டம் முடிந்திருந்த நேரம். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவதுதான் அவர் வழக்கம். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

“ஒரு விசயங்க. தம்பி வாத்தியார் வேலையில இல்ல. பஸ் ஓட்டறான்.”

மாமா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார். என் கை நின்றுவிட்டது.

“சாதா பஸ் இல்லீங்க, மாடி பஸ்ஸு” என்று அக்கா தொடர்ந்தார். “கண்டக்டரும் இவனேதான். டிப்போவுல இவனக் கேக்காம ஒரு வண்டி வெளிய எடுக்க மாட்டாங்க. வெள்ளக்காரன் எல்லாம் எறங்கறப்ப இவனக் கும்புட்டுட்டுத்தான் போறான்.”

நிவி என்னைப் பார்த்தாள். நான் வெங்காயத்தைப் பார்த்தேன்.

மாமா தொண்டையைச் செருமினார். “அங்க வண்டி எந்தப் பக்கமா ஓட்டறாங்க? அமெரிக்காவுல மாதிரி வலப்பக்கமா?”

“இடப்பக்கந்தாங்க. நம்ம ஊரு மாதிரியே.”

“அப்பச் சரி” என்றார் மாமா.